கருப்பட்டிப் பாகும் பதமும்

பதம் என்னும் சொல் உழவர்களுக்குப் புதியதன்று. மழை பெய்த மறுநாளே ஏரைப் பூட்டாமல் நிலம் உழவுப் பதத்துக்கு வரும்வரை காத்திருப்பவர்கள் அவர்கள். கதிர் அறுவடைப் பதத்துக்கு வந்ததா என்பதை ஒரு மணியை நசுக்கிப் பார்த்துச் சொல்பவர்களும் அவர்களே. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் பழமொழி. முந்திப் போனாலும் பிந்திப் போனாலும் பயன் கெடும் ஒரு நிலையைக் குறிக்க நம் மக்கள் வைத்திருக்கும் பெயர்தான் பதம்.

நம் கிராமக் கைத்தொழில்களுள் பதம் என்ற ஒன்றையே உயிராகக் கொண்டது கருப்பட்டித் தொழில். அதிகாலையில் பனையேறி இறக்கிய பதநீரை, அவர் வீட்டுப் பெண்கள் விடிலியில் மணிக்கணக்காகக் காய்ச்சுகின்றனர். முடிவில் வரும் சில நிமிடங்களில் பாகின் பதம் தவறினால், அத்தனை பேர் உழைப்பும், எரித்த விறகும், வரவேண்டிய வருவாயும் குறைந்துபோகின்றன. அந்தச் சில நிமிடங்களில் நிகழ்வது என்ன, அதைக் கணித்துக் கொள்வது எப்படி என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சாரலும் வறட்சியும்

2019-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று தென்காசி. இம்மாவட்டத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. மேற்கே மலையடிவாரத்தில் குற்றாலம். அங்கே தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலைக் கொண்டுவந்து சேர்க்கின்றது. கிழக்கே செல்லச் செல்ல மழை குறைந்து, செம்மண் மேடுகளும் மானாவாரி நிலங்களும் விரிகின்றன. அம்மேடுகளில் வரப்போரமாகவும் தோப்பாகவும் நிற்பது பனை.

பதநீர்ப் பருவம் வெயிலோடு சேர்ந்தது. மாசி, பங்குனியில் சூடுபிடித்து, ஆனி, ஆடியில் அது ஓய்கின்றது. குற்றாலத்துச் சாரல் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த ஆனி மாதத்திலேதான். அதாவது, வெயிலில் காய்ச்சிய கருப்பட்டி, வீட்டில் இருப்பு வைக்கும் காலத்தில் ஈரக்காற்றைச் சந்திக்க வேண்டியிருக்கின்றது. இந்தச் சந்திப்பிலே தாங்கி நிற்கும் கருப்பட்டி எது, கசிந்து உருகும் கருப்பட்டி எது என்பதைத் தீர்மானிப்பது பதமே.

இதில் பண விஷயமும் அடங்கியிருக்கின்றது. பருவத்தின் நடுவில் எல்லா விடிலிகளிலிருந்தும் சரக்கு ஒருங்கே வரும்போது விலை தாழ்கின்றது. பருவம் ஓய்ந்தபின் ஏறுகின்றது. கெட்டியான கருப்பட்டியை உடையவர் விலை ஏறும்வரை பொறுத்திருக்கலாம். கசியும் கருப்பட்டியை உடையவரோ, வந்த வியாபாரி சொன்ன விலைக்கு அன்றே கொடுத்துவிட வேண்டியவராகின்றார். ஆகவே, பதம் என்பது ருசியைப் பற்றிய செய்தி மட்டுமன்று. விலையைச் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கின்றது என்பதைப் பற்றிய செய்தியுமாகும்.

பதம் தொடங்கும் இடம்

பதம் அடுப்பின்மேல் அமைவது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது மரத்தின் உச்சியில், பாளையடியில் கட்டிய கலயத்திலேயே தொடங்குகின்றது.

பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 12 பங்கு சர்க்கரை இருக்கின்றது. அது பெரும்பாலும் கரும்புச் சர்க்கரையை ஒத்த சுக்ரோஸ் என்னும் இனம். இவ்வினம் மணிமணியாகத் திரண்டு உறையும் இயல்புடையது. கருப்பட்டிக்குக் கெட்டித்தன்மை தருவதும் இதுவே. ஆனால், காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதிக் கிருமிகள் சாற்றில் புகுந்தவுடன் சாறு புளிக்கத் தொடங்குகின்றது. புளிப்பு ஏறினால் சுக்ரோஸ் உடைந்து, குளுக்கோஸ், பிரக்டோஸ் என்ற இரண்டு சர்க்கரைகளாகப் பிரிகின்றது. இவை எளிதில் உறைவதில்லை. அதிலும் பிரக்டோஸ் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் மிக உடையது.

இதனைத் தடுப்பதற்காகவே நம் முன்னோர் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினர். சுண்ணாம்பின் காரம் நொதிக் கிருமிகளை அடக்கிச் சர்க்கரையைக் காக்கின்றது. சுண்ணாம்பு குறைந்தால் சாறு புளித்துப்போகும். புளித்த பதநீரை எத்தனை நேரம் காய்ச்சினாலும் பிசுபிசுப்பான பாகுதான் கிடைக்குமேயன்றி, நல்ல கருப்பட்டி கிடைக்காது. சுண்ணாம்பு மிகுந்தாலோ, காய்ச்சும்போது பாகு கறுத்து, கருப்பட்டியில் காரச் சுவை ஏறிவிடும். எனவே அளவு என்பது இங்கேயே தொடங்குகின்றது.

இதை அறிய லிட்மஸ் தாள் என்னும் எளிய சாதனம் போதுமானது. சிவப்பு லிட்மஸ் நீலமானால் பதநீரில் சுண்ணாம்பின் காரம் நிலைத்திருக்கின்றது என்று பொருள். நீல லிட்மஸ் சிவப்பானால் புளிப்பு ஏறிவிட்டது என்று பொருள். புளித்த ஒரு கலயத்தை நல்ல பதநீரோடு சேர்த்துக் கொட்டினால், அந்த அடுப்பு முழுவதும் கெடும். ஒரு கலயத்தை இழப்பது ஒரு நாள் காய்ச்சலை இழப்பதினும் நன்று.

கலயங்களை நாள்தோறும் தேய்த்துக் கழுவி, வெயிலிலோ நெருப்பனலிலோ காயவைத்த பின்னரே மீண்டும் சுண்ணாம்பு தடவவேண்டும். நேற்றைய சாற்றின் மீதம் ஒட்டிய கலயம், இன்றைய சாற்றுக்குப் பிறைமோராகிவிடும்.

தெளியவைத்தல்

இறக்கிய பதநீரைச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால், சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்ததை மெல்ல இறுத்து, சுத்தமான துணியில் வடிகட்டி, அடுப்பில் ஏற்றவேண்டும். அடிமண்டியையும் சேர்த்து ஊற்றுவது அளவைக் கூட்டுவதுபோல் தோன்றினும், நிறத்தையும் சுவையையும் கெடுத்து விலையைக் குறைக்கின்றது. மிகுந்த சுண்ணாம்பை நீக்குவதற்கென்று உரக்கடையில் விற்கும் சூப்பர் பாஸ்பேட்டை இடுதல் கூடவே கூடாது. அது பயிருக்கு உரியது. அதிலுள்ள மாசுகள் உண்ணும் பொருளில் கலத்தல் தகாது. உணவுத் தரத்தில் செய்யப்பட்ட பொருள்களை, பயிற்சி பெற்றோர் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்தலாம்.

அடுப்பின்மேல்

100 லிட்டர் பதநீரைக் கருப்பட்டியாக்க, ஏறத்தாழ 85 முதல் 90 லிட்டர் நீரை ஆவியாக்க வேண்டும். நடைமுறையில் 8 முதல் 10 லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கின்றது. இந்த நீர் குறையக் குறையப் பாகு பல நிலைகளைக் கடந்து செல்கின்றது.

முதல் நிலை கொதி. நீர் மிகுந்திருக்கும்வரை உஷ்ணம் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். இப்போது மேலே திரளும் அழுக்கை அகப்பையால் எடுத்துவிட வேண்டும். தீ நன்றாக எரியலாம்.

இரண்டாம் நிலை பொங்கல். நுரை பாத்திரத்தின் விளிம்பைத் தாண்ட முயலும். நம் பெண்கள் ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு இதை அடக்குவது வழக்கம். அதிலுள்ள எண்ணெயே நுரையை உடைக்கின்றது. சில துளி தேங்காயெண்ணெயும் இதே வேலையைச் செய்யும் என்பதாலும், ஆமணக்கு விதையில் நச்சுப்பொருள் உண்டென்பதாலும், எண்ணெயைக் கையாளுவதே மேலானது.

மூன்றாம் நிலை கூப்பனி. பதநீர் தேன்போலத் திரண்டுவிட்ட நிலை இது. இதன்பின் உஷ்ணம் 100 டிகிரியைக் கடந்து ஏறத் தொடங்கும். விரலிடையில் கம்பியாக இழுபடும் நிலையில் இறக்கி, நூல் கட்டிய பாத்திரங்களில் வாரக்கணக்காக அசையாமல் வைத்தால் பனங்கற்கண்டு விளையும். கருப்பட்டிக்கோ இன்னும் காய்ச்ச வேண்டும்.

நான்காம் நிலைதான் கருப்பட்டிப் பதம். ஒரு கிண்ணம் குளிர்ந்த நீரில் பாகில் இரண்டு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். நீரில் கரைந்தால் பதம் வரவில்லை. அடியில் தங்கி, விரலால் திரட்டியவுடன் சப்பையாகப் படிந்தால் பதம் நெருங்குகின்றது. உருட்டினால் உருண்டு, தன் வடிவம் கெடாமல் நின்றால் அதுவே பதம். கண்ணாடிபோல் ஒடிந்தால் பதம் கடந்துவிட்டது.

உஷ்ணமானி சொல்லும் செய்தி

பாகு எந்த அளவு கெட்டியாகின்றதோ, அந்த அளவுக்கு அது கொதிக்கும் உஷ்ணமும் உயர்கின்றது. ஆகவே, உஷ்ணமானியில் காணும் எண், பாகில் எவ்வளவு நீர் எஞ்சியிருக்கின்றது என்பதையே நமக்குச் சொல்கின்றது. கம்பியாக இழுபடும் நிலை சுமார் 106 முதல் 112 டிகிரி. மெல்லிய உருண்டை நிலை சுமார் 112 முதல் 116 டிகிரி. கெட்டி உருண்டை நிலை சுமார் 118 முதல் 120 டிகிரி. கெட்டி உருண்டை நிலையில் பாகின் நூறு பங்கில் 87 பங்குக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும். கருப்பட்டிக்கு 118 டிகிரியை ஒட்டி இறக்குவது ஏற்றது.

அனுபவம் மிக்க பெண்மணி ஒருவருக்கு இந்த எண்கள் தேவையில்லை எனலாம். கொப்புளங்கள் பெரிதாகி மெதுவாக வெடிக்கும் ஓசையையும், மாறிவரும் மணத்தையும் கொண்டே அவர் பதத்தைச் சொல்லிவிடுவார். அந்த அறிவை நாம் வணங்குகின்றோம். ஆனால், அது ஒருவர் கையில் இருக்கின்றது; மகளுக்கும் மருமகளுக்கும் வந்து சேரப் பல பருவங்கள் ஆகின்றன. தொழிலை விட்டு இளைஞர் நகரம் செல்லும் இந்நாளில், கைப்பழக்கத்தை எண்ணாக எழுதிவைத்தல் அவசியமாகின்றது. மூத்தவர் நீரில் விட்டுப் பதம் என்று சொல்லும் நொடியில் உஷ்ணமானியைப் பார்த்து, அந்த எண்ணை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவாருங்கள். சில நாட்களில் உங்கள் விடிலிக்கு உரிய எண் உங்களுக்கே தெரிந்துவிடும்.

உஷ்ணமானியை வாங்கியவுடன் கொதிக்கும் நீரில் இட்டுச் சோதிக்க வேண்டும். நம் பகுதியில் அது 100 டிகிரியை ஒட்டிக் காட்டவேண்டும். இரண்டு டிகிரி குறைத்துக் காட்டினால், பாகிலும் அதே இரண்டு டிகிரியைக் கூட்டிக் கணக்கிட வேண்டும். உஷ்ணமானியின் நுனி பாத்திரத்தின் அடியைத் தொடுதல் ஆகாது; தொட்டால் அது பாகின் உஷ்ணத்தைக் காட்டாமல், பாத்திரத்தின் உஷ்ணத்தையே காட்டும்.

கடைசி நிமிடங்களில் தீயைத் தணிப்பது மிக முக்கியம். நீர் குறைந்த பாகு விரைவாகச் சூடேறும். 112 டிகிரிக்குப் பின் எரியும் விறகை வெளியே இழுத்து, தணலில் மட்டும் காய்ச்சினால் பாகு அடிபிடிக்காது; பதமும் கைவிட்டுப் போகாது.

இறக்கியபின் செய்யவேண்டியது

பதம் வந்த பாகை அப்படியே சிரட்டையில் ஊற்றினால் ஒருபுறம் இறுகியும் ஒருபுறம் இளகியும் நிற்கும். பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, துடுப்பால் விடாமல் கிண்டவேண்டும். ஆறும் பாகில் சர்க்கரை நுண்மணிகளாகத் திரளத் தொடங்குவதற்கு இக்கிண்டலே உதவுகின்றது. நன்கு கிண்டினால் மணிகள் சிறியவையாகவும் ஒரே சீராகவும் அமைந்து, கருப்பட்டி கெட்டிப்படும். பழைய நல்ல கருப்பட்டித் தூளைச் சிறிதளவு தூவினால், அது விதைபோல் நின்று மணி திரள்வதை விரைவுபடுத்தும். பாகின் பளபளப்பு மங்கி, துடுப்பில் கனம் தெரியும் நேரமே ஊற்றும் நேரம். அதற்குமேல் தாமதித்தால் பாத்திரத்திலேயே உறைந்துவிடும்.

சிரட்டைகளை முன்கூட்டியே கழுவி, நனைத்து, மணலில் வரிசையாகப் பதித்து வைத்திருந்தால் ஊற்றுவது எளிது. ஆறியபின் கருப்பட்டி ஒட்டாமல் கழன்று வரும்.

ஈரக்காற்றும் இருப்பும்

காற்றில் உள்ள ஈரத்தை விஞ்ஞானிகள் விழுக்காட்டால் அளக்கின்றனர். தூய சுக்ரோஸ், காற்றின் ஈரம் ஏறத்தாழ 84 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீரை இழுக்கத் தொடங்கும். பிரக்டோஸோ, 60 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டியவுடனேயே நீரை இழுக்கும். மேலே கலயத்தைப் பற்றி நாம் இத்தனை வற்புறுத்தியதன் காரணம் இப்போது விளங்கும். மரத்தின்மேல் புளிப்பால் உடைந்த சர்க்கரை, மூன்று மாதம் கழித்துச் சாரல் காற்றில் தன் குணத்தைக் காட்டுகின்றது.

இது பனைக்கு மட்டும் உரிய தொல்லையன்று. நகரங்களில் கேக்கின்மேல் பூவும் இலையும் அமைத்து அலங்கரிப்பவர்கள், தூளாக்கிய சர்க்கரையுடன் பிசினைச் சேர்த்து மாவுபோலப் பிசைகின்றனர். கை சொன்னபடி வளைய வேண்டும். காய்ந்தபின் நிற்கவும் வேண்டும். வறண்ட நாளில் அம்மாவு வெடிக்கும். மழைநாளில் கையில் ஒட்டும், செய்த இதழும் தொய்ந்து விழும். அவர்களும் அன்றைய காற்றைப் பார்த்தே நீரின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றனர். சர்க்கரையைக் கையாளும் யாவருக்கும் நீரே நண்பன், நீரே பகைவன்.

ஆகவே, சாரல் தொடங்கும் நாட்களில் காய்ச்சும் கருப்பட்டியை, வெயில் நாட்களைவிட ஓரிரு டிகிரி கூடுதலாக வைத்து இறக்குவது பொருத்தம். ஆறிய கருப்பட்டியை நிழலில் நன்கு உலர்த்திய பின்னரே அடுக்க வேண்டும். அடுப்புக்கு மேலுள்ள பரணில் ஓலைக் கொட்டான்களில் வைத்துக் காத்த பழைய வழக்கம் அறிவோடு கூடியதே. அங்குள்ள வெதுவெதுப்பு ஈரத்தை அண்டவிடாது. பெருமளவில் வைப்போர், மூடி இறுகிய தகர டப்பாக்களையோ கெட்டியான பாலிதீன் உறைகளையோ பயன்படுத்தலாம். மண் தரையிலும் சுவரை ஒட்டியும் மூட்டைகளை வைத்தல் கூடாது.

சீனி என்னும் குறுக்குவழி

பதம் வராத பாகைச் சீனி போட்டு உறையவைக்கும் வழக்கம் சில இடங்களில் புகுந்துள்ளது. சீனி மலிவு; கருப்பட்டி விலை கூடுதல். எனவே இலாபத்துக்காகக் கலப்போரும் உண்டு. வாங்குவோர் கண்ணால் பார்த்தே கலப்பைத் திட்டமாகச் சொல்ல இயலாது. ஆய்வகச் சோதனை வேண்டும். ஆயினும், பனங்கருப்பட்டி என்று சொல்லிச் சீனிக் கலப்பை விற்பது 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். அதைவிடப் பெரிய இழப்பு நம்பிக்கை இழப்பு. தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிக் கருப்பட்டி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஓர் ஊரின் பெயரே தரத்துக்குச் சான்றாக நிற்பது எத்தனை மதிப்புடையது என்பதற்கு இதுவே போதிய சாட்சி. அத்தகைய பெயரை ஈட்டப் பல தலைமுறை வேண்டும். இழக்க ஒரு பருவம் போதும். பதத்தை அறிந்தவருக்குச் சீனியின் துணை தேவையில்லை.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியன

1934-இல் காந்தியடிகள் வர்தாவில் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம், பனைவெல்லத்தையும் தன் பணிகளுள் ஒன்றாக ஏற்றது. விடுதலைக்குப் பின் 1957-இல் அமைந்த கதர் கிராமத் தொழில் ஆணையம் அப்பணியைத் தொடர்ந்தது. பனையைத் தன் மாநில மரமாகக் கொண்டுள்ள தமிழ்நாட்டில், பனைகளை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெறவேண்டும் என்று 2021-இல் வேளாண்மைக்கான தனி நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. மரத்தைக் காப்பது முதற்படி. மரத்தால் வாழ்வோரின் கையிலே வருவாய் நிற்கச் செய்வது அடுத்த படி.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பனைத் தொழிலாளர் வாழும் ஒவ்வோர் ஊரிலும் ஒரு பொதுக் காய்ச்சுக் கொட்டகை அமையலாம். அதில் புகைபோக்கியோடு கூடிய அடுப்பு இருக்குமானால் விறகு மிச்சமாகும். நாள் முழுவதும் புகையில் அமர்ந்து கண்ணெரியக் காய்ச்சும் பெண்களின் நலமும் காக்கப்படும். ஓர் உஷ்ணமானி, ஒரு கட்டு லிட்மஸ் தாள், ஒரு நோட்டுப் புத்தகம் ஆகிய மூன்றும் அங்கே நிரந்தரமாக இருக்கட்டும். தரை உயர்த்திய, ஈரம் புகாத ஓர் இருப்பு அறையும் கிடைத்துவிட்டால், சாரல் காலத்து அவசர விற்பனை குறையும். ஊரில் பதம் பார்ப்பதில் கைதேர்ந்த மூத்த பெண்மணிகளையே ஆசிரியர்களாக அமர்த்தி, மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி அளிக்கலாம். அவர்களைவிடச் சிறந்த ஆசிரியர் வேறெங்கும் கிடைக்கமாட்டார்.

அடுத்த ஆனியில் குற்றாலத்துக்கு வருவோர் அருவியில் நீராடித் திரும்பும்போது, கிழக்கத்தி விடிலியிலே காய்ச்சிய கருப்பட்டியை விரும்பி வாங்கிச் செல்லட்டும். அது சாரல் காற்றிலும் கசியாமல், அவர்கள் ஊர் போய்ச் சேரும்வரை கெட்டியாக நிற்கட்டும். அதற்கான வேலை அன்று தொடங்குவதன்று. மாசி மாதத்து அதிகாலையில், கலயத்தில் சுண்ணாம்பு தடவும் கையிலே தொடங்குகின்றது.